சிவப்பு மூடி போட்ட பாட்டில்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

சின்ன மூட்டை எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், எழுந்து நடக்கிறேன். உன் கால்வலி எப்படி இருக்கிறது? மாமா கடைக்கு வந்து கை கொடுக்கிறாரா, இல்லை வழக்கம்போல் பேப்பரோடு உட்கார்ந்துவிடுகிறாரா?

போனில் பேசலாம்தான். நீ பேசினால் பக்கத்தில் மாமா காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார், நான் பேசினால் இவர். அதனால் எழுதுகிறேன். முதலில் ஒன்று. ஆபரேஷன் அன்று காலை நீ ஆஸ்பத்திரி வரைக்கும் என்னோடு வந்து, உன் பெயரைக் கூப்பிட்டபோது காணாமல் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "அக்காவுக்கு பிரஷர் ஏறிடுச்சு, டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல். ரெண்டு பேரும் சேர்ந்து செய்துகொள்வதாகப் பேச்சு, ஒருத்திதான் செய்துகொண்டேன், போகட்டும். பயம் எனக்கும் இருந்தது. அந்த நாற்காலியின் கைப்பிடி இடுப்பைப் பிடித்துக்கொண்டதால் எழுந்து ஓட முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றை முட்டை அளவுக்குச் சின்னதாக்கி, குடலையும் மாற்றிக் கட்டிவிட்டார்கள். ரெண்டு வாரமாகத் தண்ணி ஆகாரம்தான். டப்பா ஜூஸ் கூடாது. வீட்டில் பிழிந்து, வடிகட்டி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மருந்து மூடியால் மூணு மூடி, அதையும் கால் மணி நேரம் வைத்து உறிஞ்ச வேண்டும். நான் அடுப்படிக்குப் போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இவர் பிழிந்த கேரட் ஜூஸில் கேரட்டைத் தவிர எல்லாம் இருந்தது. நீ இருபது வருஷமாக ஜூஸ் கடை நடத்துகிறவள். ஐஸ் பெட்டியில் வைத்துக் காலை பஸ்ஸில் அனுப்பினால் மூணு மணி நேரத்தில் எங்கள் ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிடும். நான் மறுபடி டிக்கெட் கவுண்டரில் உட்காரும் வரைக்கும் இவர் போய் வாங்கிக்கொள்வார். காலிப் பாட்டிலோடு கடிதமும் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன்.

ஊட்டச்சத்து டாக்டரம்மா கொடுத்த தாளின் நகல் இதோடு இருக்கிறது. ஐந்தாவது வரியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார் பார். துளி சர்க்கரை கூடாது. இனிப்பு போனால் வயிற்றில் நிற்காமல் நேராகக் குடலில் இறங்கி, நெஞ்சு படபடத்து, வேர்த்து, ஆளையே கீழே தள்ளிவிடுமாம். இனி நீ பார்த்துக்கொள்.

உன் சின்ன மூட்டை

*

பிப்ரவரி 7

அன்புள்ள சின்ன மூட்டைக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். என் கால்வலி என்னை விட்டுப் போகிற மாதிரி இல்லை, பாசக்காரக் கால்வலி. நீ தையலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே.

ஓடிப் போனேன் என்று எழுதியிருக்கிறாய். நான் ஓடவில்லை, நடந்துதான் வந்தேன். ஓடுகிற உடம்பா இது. அதை மறைத்ததற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன், இனி அந்தப் பேச்சை எடுக்காதே.

பெட்டியில் ஆறு பாட்டில் இருக்கிறது, எல்லாம் வெள்ளை மூடி. ரெண்டு சுரைக்காய், ரெண்டு வெள்ளரிக்காயும் கீரையும், ரெண்டு கேரட். ரெண்டு தடவை துணியில் வடிகட்டினேன். கடை மிக்சி ஜாரில் எப்போதும் சர்க்கரைப் பாகு ஒட்டியிருக்கும் என்று உனக்காகத் தனியாக ஒரு ஜார் வாங்கிவிட்டேன். உன் மாமா அதில் தனக்கு லஸ்ஸி அடிக்கப் போனார், கையில் ஒரு தட்டு தட்டினேன். டாக்டரம்மா தாளை மிக்சிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். நீ தேறி வந்தால் போதும்.

இப்படிக்கு, பெரிய மூட்டை

*

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன், ரொம்பவே நலமாக இருக்கிறேன். நீயும் மாமாவும் அப்படியே இருக்க வேண்டும்.

பதினாறு கிலோ போய்விட்டது. உன் பாட்டில்கள்தான் காரணம் என்று டாக்டரம்மாவிடமே சொன்னேன். வேலைக்குப் போய் ரெண்டு வாரம் ஆகிறது. கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் ரெண்டு பக்கமும் ஒரு விரல் இடம் இருக்கிறது. நேற்று ஒரு சீசன் டிக்கெட் ஆள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "இங்க ஒரு குண்டம்மா இருப்பாங்களே, மாத்திட்டாங்களா?" என்று கேட்டார். "ஆமா சார், மாத்திட்டாங்க" என்றேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். இவர் இப்போதெல்லாம் தெருவில் என் பக்கத்தில் நடக்கிறார். முன்பெல்லாம் நாலு அடி முன்னே போவாரே, ஞாபகம் இருக்கிறதா?

நீலச் சட்டை போட்டு எடுத்த போட்டோவை மாமா போனுக்கு அனுப்பினேன். பார்த்தாயா? ஒன்றும் சொல்லவில்லையே.

அன்புடன், சின்ன மூட்டை

*

மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

நான் இருக்கிறேன். நீ நலமா என்று கேட்க வேண்டியதே இல்லை, ஊரே வந்து சொல்லிவிட்டுப் போகிறது.

போட்டோ வந்தது. வந்த அன்றைக்கே பெரியம்மாவும் கடைக்கு வந்தாள். ஒரு ஆரஞ்சு ஜூஸை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். "சின்னவ ஆளே மாறிட்டா. நீ ஏன்டி இப்படியே இருக்கே?" என்றாள். பிரஷர் என்றேன். "பிரஷரா, நாக்கா?" என்றாள். நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு, இனிப்புப் போதவில்லை என்று ஒரு கரண்டிப் பாகு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு போனாள் பெரியம்மா. அவள் எழுபது வயதிலும் குச்சி மாதிரி இருக்கிறாள், அவளுக்கு என்ன.

உன் மாமா அந்தப் போட்டோவை ரெண்டு தடவை பார்த்தார். "உன் தங்கச்சி நல்லாயிருக்கா" என்றார். மூணாவது தடவை பார்க்கக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடியை நான்தான் எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். மனுஷன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சந்தோஷம் இல்லாமலா கிலோ கிலோவாகச் சுரைக்காய் சீவுகிறேன்.

இந்தத் தடவை சிவப்பு மூடி போட்ட பாட்டில் ஒன்று இருக்கும். பீட்ரூட்டும் கேரட்டும். வெள்ளை மூடியாகக் குடித்துக் குடித்து உனக்கு நாக்குச் செத்துப்போயிருக்கும். இதில் என் கைப்பக்குவம் கொஞ்சம் காட்டியிருக்கிறேன். என்ன போட்டேன் என்று கேட்காதே, தொழில் ரகசியம்.

அக்கா

*

மார்ச் 15

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எல்லாரும் சுகம், அங்கேயும் அப்படித்தானே?

சிவப்பு மூடி அமிர்தம். அடுத்த பெட்டியில் நாலு வை. வெள்ளையைக் குறைத்துக்கொள்ளலாம். டாக்டரம்மா இனிமேல் ஜூஸையே குறைக்கச் சொல்கிறார். ஜூஸ் சாப்பாடு ஆகாதாம், அதில் புரதம் இல்லையாம், முட்டையும் பருப்பும் மசித்துச் சாப்பிட வேண்டுமாம். அவர் சொல்லட்டும். நீ நாலு அனுப்பு.

வியாழக்கிழமை மட்டும் நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. குளியலறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேகமாகக் குடித்துவிட்டேன் போலிருக்கிறது. இவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

சி. மூ.

*

மார்ச் 18

அன்புள்ள தங்கைக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு ஒன்றும் இல்லை.

படபடப்பு என்றால் எவ்வளவு நேரம்? வேர்த்ததா? டாக்டரம்மாவிடம் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் இருக்கட்டும், சும்மா எதற்கு அவரைத் தொந்தரவு செய்வது. வேகமாகக் குடிக்காதே என்று எத்தனை தடவை சொல்வது உனக்கு. சின்ன வயதிலேயே நீ அப்படித்தான், என் டம்ளரையும் சேர்த்துக் குடித்துவிட்டு விக்குவாய்.

டாக்டரம்மா படித்தவர், குறைக்கச் சொல்கிறார். நீ என் கையால் நாலு கேட்கிறாய். படிக்காதவளுக்கும் ஒரு நாள் வரும்.

நாலு வைத்திருக்கிறேன். இந்த வாரம் எடை எவ்வளவு குறைந்தது என்று எழுதவில்லையே. எழுது.

அக்கா

*

ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

நலம். நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

மாமன் மகள் கல்யாணத்தில் உன்னைப் பார்க்கத்தான் அவர்கள் ஊர் வரைக்கும் இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். சாப்பாட்டுக்கு நடுவிலேயே எழுந்து போய்விட்டாய். மாமா தனியாக நின்று உன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "எங்க மாமா அக்கா?" என்றால், "எனக்கு எப்பம்மா சொல்லிட்டுப் போயிருக்கா" என்கிறார். என் மேல் ஏதாவது கோபமா?

எடை கேட்டிருந்தாய். இருபது கிலோ வரை இறங்கியது, அதோடு சரி. மூணு வாரமாக முள் அசையவில்லை. டாக்டரம்மா முகத்தைச் சுளிக்கிறார். முடி வேறு கொத்துக் கொத்தாக வருகிறது.

இந்தத் தடவை சிவப்பு ஆறு வை அக்கா. வெள்ளை வேண்டாம்.

உன் தங்கை

*

ஏப்ரல் 22

தங்கைக்கு,

சௌக்கியம் கேட்டு எழுதும் மனநிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

ஏன் போனேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன். பொறாமை. பூசி மெழுகி எத்தனை கடிதம் எழுதுவது. வயிறு எரிகிறது. உன் வயிற்றை அறுத்தார்கள், எரிவது என் வயிறு.

நீ மண்டபத்துக்குள் வந்ததும் பெண்ணை விட்டுவிட்டு எல்லாரும் உன்னைச் சுற்றிக்கொண்டார்கள். "எப்படி எளைச்சே, என்ன சாப்பிடறே?" நீ ஜூஸ் என்றாய். யார் பிழிந்த ஜூஸ் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. குடும்பப் போட்டோ எடுக்கும்போது அந்தப் போட்டோக்காரன் என்னைப் பார்த்து, "பெரியம்மா, நீங்க கொஞ்சம் ஓரமா போங்க, அவங்க மறையுறாங்க" என்றான். முப்பது வருஷமாக நாம் ரெண்டு பேரும் சேர்ந்து நின்று மற்றவர்களை மறைத்தோம். அவனுக்கு நான் பெரியம்மாவாம். உனக்கும் எனக்கும் ரெண்டு வயதுதான் வித்தியாசம் என்று கத்த வேண்டும் போல் இருந்தது.

பந்தியில் நீ எனக்கு எதிரில்தான் இருந்தாய். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் எனக்கு இறங்கவில்லை, கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அன்றைக்குக் காலை அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் நானும் உன் பக்கத்தில் நின்றிருப்பேன். இதை நினைக்காத நாள் இல்லை.

உன் எடை நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். அப்புறம் எடுத்து இன்னொரு தடவை படித்தேன். இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன்.

ஆறு கேட்டாய். ஆறும் வைத்திருக்கிறேன்.

அக்கா

*

மே 6

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதுவது. நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பயப்படும்படி இல்லை, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை கவுண்டரில் இருக்கும்போது உங்கள் தங்கைக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. தண்ணீர் குடிக்க எழுந்தவள் அப்படியே சரிந்து, மேஜை விளிம்பில் நெற்றி மோதிவிட்டது. ஆறு தையல். இரும்புச்சத்தும் குறைந்திருக்கிறதாம், ஆஸ்பத்திரியில் மூணு நாள் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா, "இனிப்பு ஏதாவது உள்ள போகுதா, அந்த ஜூஸ்ல என்ன இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இவளுக்கு வந்ததே கோபம். "எங்க அக்கா கை சுத்தம். என் தலைல அடிச்சு சத்தியம் பண்றேன், துளி சர்க்கரை இருக்காது. அவங்களைச் சந்தேகப்பட்டா நான் இப்பவே எந்திரிச்சுப் போயிடுவேன்" என்று கட்டுப் போட்ட தலையோடு எழுந்துவிட்டாள்.

தப்பாக நினைக்க வேண்டாம். ஜூஸில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினால் டாக்டரம்மாவிடம் காட்டி அவர் வாயை அடைத்துவிடலாம்.

பணிவுடன், தம்பி

*

மே 8

தம்பிக்கு,

பீட்ரூட், கேரட், அரை மூடி எலுமிச்சை, தண்ணீர். அவ்வளவுதான்.

கடையில் கூட்டம், அதனால் இதோடு நிறுத்துகிறேன். ஜூஸ் இந்த வாரம் அனுப்ப முடியாது. அவளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அண்ணி

*

மே 25

அன்புள்ள சின்ன மூட்டைக்கு,

தையல் பிரித்துவிட்டார்களா? தழும்பு தெரிகிறதா? தலை வலிக்கிறதா? இத்தனை நாள் போன் எடுக்காததற்கு என்னைத் திட்டு. நீ ஏழு தடவை கூப்பிட்டாய், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

உன் வீட்டுக்காரருக்கு எழுதிய பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று. விட்டுப்போகவில்லை, விட்டேன். சர்க்கரைப் பாகு. முதல் சிவப்பு மூடியில் ரெண்டு கரண்டி. அப்புறம் மூணு மூணு. கல்யாணத்துக்குப் பிறகு அனுப்பிய ஆறிலும் நாலு நாலு.

பாகு கடை ஜாரில் ஒட்டியிருந்தது, தெரியாமல் கலந்துவிட்டது என்று எழுதலாம். நீ நம்புவாய். மூணு தடவை அப்படி எழுதிக் கிழித்துப் போட்டேன். தாள் என் கண் முன்னால் சுவரில்தான் இருக்கிறது. அந்த ஐந்தாவது வரியைப் படித்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

உனக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதையாவது நம்பு. நீ கொஞ்சம் நின்றால் போதும் என்று நினைத்தேன். நான் வந்து சேரும் வரைக்கும் நிற்கட்டும் என்று. நான் எங்கே வந்து சேரப் போகிறேன், அதுவும் தெரிந்துதான் ஊற்றினேன். படபடத்தது என்று நீ எழுதியபோது நிறுத்தியிருக்க வேண்டும். நாலு வேண்டும் என்றாய், அதைப் பிடித்துக்கொண்டேன். அவளே கேட்கிறாள், எனக்கென்ன என்று.

என் கை சுத்தம் என்று சத்தியம் செய்தாயாமே. அதைப் படித்ததிலிருந்து கடையில் கரண்டியைத் தொட முடியவில்லை. உன் மாமாதான் ஊற்றுகிறார், கீழே பாதி மேலே பாதி. என்ன ஆயிற்று என்று கேட்கிறார். கையில் வலி என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை டாக்டரம்மாவிடம் காட்டு. உன் வீட்டுக்காரரிடமும் காட்டு. பெரியம்மாவிடம் காட்ட நினைத்தாலும் காட்டு. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அக்கா

*

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

தையல் பிரித்துவிட்டார்கள். புருவத்துக்கு மேல் தழும்பு இருக்கும், முடியை இழுத்துவிட்டால் தெரியாது, இருக்கிற முடியில் எவ்வளவு இழுப்பது என்பதுதான் கேள்வி. மாமாவைக் கேட்டதாகச் சொல். மூணு வாரம் பதில் எழுதாததற்கு நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். நீ நினைத்தது இல்லை.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் மாட்டிக்கொள்வது நீ மட்டும் இல்லை.

எனக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது அக்கா. ஜூஸ் கடைக்காரியின் தங்கைக்குப் பாகு தெரியாதா. பெரியம்மாவுக்கு ஊற்றுகிற அதே பாகு. துப்பியிருக்க வேண்டும். ஐந்து வாரமாக வெள்ளரிக்காய்த் தண்ணீரை உறிஞ்சிய வாய். விழுங்கிவிட்டு அழுதேன். இருபது நிமிஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது, குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கிடந்தேன். அது அடங்கியதும் எழுந்து போய் பாட்டிலில் மிச்சம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

நாலு கேட்டதும் அதற்குத்தான், ஆறு கேட்டதும் அதற்குத்தான். இவர் கண்ணில் படாமல் ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்துக் குடித்தேன். உன் கை சுத்தம் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேனே, அது உன்னைக் காப்பாற்ற இல்லை. உண்மை தெரிந்தால் பாட்டில் நின்றுவிடுமே என்று. விழுந்து எழுந்த பிறகும் அலமாரியில் ஒன்று மீதி இருந்தது. அதையும் குடித்தேன்.

கல்யாணத்தில் உன் முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். பார்க்கவில்லைதான். உன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பாதியில் வைத்துவிட்டுப் போன கேக்கை எடுத்துவிடாமல் இருக்க ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் என்ன கேட்டார்கள் என்றே காதில் விழவில்லை. அன்று காலையில் தப்பித்துப் போனவள் நீ, அகப்பட்டுக்கொண்டவள் நான் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் தெரியுமா. உனக்கு மட்டும்தான் வயிறு எரியும் என்று நினைக்காதே.

நேற்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். நானே சர்க்கரை கலந்து குடித்ததாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இதை நிறுத்தலேன்னா ஆபரேஷன் செஞ்சதே வீண். அடுத்த தடவை தலை மட்டும் அடிபடும்னு நெனைக்காதீங்க" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் மூணு வாரமாக உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. கோபம் இருக்கிறது. நீ வா, முகத்துக்கு நேராகத் திட்ட வேண்டும். வெறுங்கையோடு வா.

ஐஸ் பெட்டி இங்கேயே இருக்கட்டும். வெள்ளை மூடியும் வேண்டாம், எதுவும் வேண்டாம். இனிமேல் நான் கேட்பேன் அக்கா, என்னை எனக்குத் தெரியும். போன் பண்ணிக் கேட்பேன், ஒரே ஒரு பாட்டில் என்பேன், பாகு இல்லாமல் அனுப்பு என்று சொல்லிவிட்டு அழுவேன். நீ அனுப்பாதே. அனுப்பினால் குடித்துவிடுவேன்.

உன் தங்கை